கம்பைநல்லூரின் முழு நேயர்

"அப்பா, நீ யாருகிட்டப்பா பேசற?"

மனிதகுலம் பேச்சுக் கலையில் எட்டிய மாபெரும் முன்னேற்றம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்கியது என்பதை வருங்கால வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். கேட்டவள் அமலி, ஒன்றாம் வகுப்பு. கேட்கப்பட்டவர் அவள் தந்தை இனிகோ. காரிமங்கலம் ‘எக்காளம் கம்யூனிகேஷன்ஸ்’ என்ற விளம்பர நிறுவனத்தின் நிறுவனர், தலைவர், தலைமைப் படைப்பாளர், காலையில் ஷட்டரைத் தூக்குபவர். அப்போது அவர் ஆளில்லாத அறையில் ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "நண்பர்களே, நீங்கள் தரும் ஆதரவால்தான் நான் இன்று..." என்று தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

"உலகத்தோட பேசறேன் கண்ணு," என்றார் இனிகோ.

அமலி மைக்குக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

"உலகம் எங்கியோ வெளிய போயிருக்குதுப்பா. வந்ததும் பேசிக்கலாம். அம்மா சாப்பிட வரச் சொல்லுச்சு."

‘வலையொலி’ என்று தமிழறிந்தவர்களும் பாட்காஸ்ட் என்று மற்ற எல்லோரும் சொல்கிற இந்தக் கலையின் அருமை ஒரு குழந்தைக்குப் பிடிபடாததில் வியப்பில்லை. பெரியவர்களுக்கே பெங்களூரில் கட்டணம் கட்டிக் கருத்தரங்கில் உட்கார்ந்த பிறகுதான் பிடிபடுகிறது. இனிகோவுக்கு அப்படித்தான் பிடிபட்டது. அங்கே மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், "பேசாத பிராண்டு செத்த பிராண்டு" என்றார். இனிகோ அதைக் கேட்டு ஆடிப்போனார். திரும்பி வரும் பேருந்து கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள், தருமபுரி மாவட்டத்தில் ஒரு பிராண்டையும் சாகவிடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

அதுவரை எக்காளம் செய்துவந்தவை சில்லறைத் தொண்டுகள். காதணி விழா பேனர், கடைத் திறப்பு நோட்டீஸ், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி "இன்று முதல், இன்று முதல்" என்று வாரச்சந்தையைச் சுற்றி வருவது. ஆட்டோ விளம்பரம் ஊர் முழுக்கக் கேட்டது உண்மைதான். ஆனால் அது காதில் தானாக வந்து விழுகிற விளம்பரம். அதில் ‘ஈடுபாடு’ கிடையாது. பாட்காஸ்டின் மகிமை வேறு. அதைக் கேட்க ஒருவர் தேட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், தொட வேண்டும், காதில் மாட்ட வேண்டும். இத்தனை இடைஞ்சலையும் தாண்டி வருகிறவரே உண்மையான வாடிக்கையாளர். ஒருவருமே வரவில்லை என்றால் வடிகட்டும் வேலை அவ்வளவு தரமாக நடந்திருக்கிறது என்று பொருள்.

இந்தத் தத்துவத்தை முதலில் ஏற்றுக்கொண்ட கிளையன்ட் நஞ்சப்பன். ‘ஸ்ரீ நஞ்சப்பன் மெத்தை மாளிகை’யின் முதலாளி. மற்ற கிளையன்ட்கள் ஒவ்வொருவராக ‘வடிகட்டப்பட்ட’ பிறகு அவர்தான் கடைசிக் கிளையன்டும் ஆனார். உரமருந்துக் கடையின் மாடியில் இருந்த எக்காளத்தின் அறைக்குள் கிருஷ்ணகிரி பேருந்துகளின் ஹாரன் புகுந்து ஒலிப்பதிவைக் கெடுத்தபோது, நான்கு சுவரிலும் சாத்தி வைக்கத் தன் கடை மெத்தைகளையே கொடுத்தனுப்பினார். வேலை முடிந்ததும் பார்க்க வந்தார். மெத்தைகளுக்கு நடுவே நின்று கையைத் தட்டிப் பார்த்தார்.

"இனிமே வெளிச்சத்தம் உள்ள வராதாப்பா?"

"வராதுங்கய்யா."

"உள்சத்தம் வெளிய போவாதா?"

"ஊசி முனையளவுகூடப் போகாதுங்கய்யா."

நஞ்சப்பன் மோவாயைத் தடவினார். "அப்பறம் ஊருக்கு எப்பிடிப்பா கேக்கும்?"

தொழில்நுட்பம் தெரியாதவர்கள் இப்படித்தான் அடிப்படையிலேயே கை வைப்பார்கள். இனிகோ பெருந்தன்மையோடு சிரித்துவைத்தார்.

நிகழ்ச்சிக்கு ‘பஞ்சும் நெஞ்சும்’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் நஞ்சப்பனையே பேட்டி கண்டார்கள். "உங்கள் வெற்றிப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இனிகோ நீண்ட முன்னுரையோடு கேட்க, "மெத்த விக்கிறோம்ங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு விருந்தினர் என்ற தொல்லை இல்லை. இனிகோ ஒவ்வொரு முறையும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டு தனியாகவே பேசினார். "வெற்றி என்பது ஒரு மெத்தை. அதில் படுப்பவர்கள் பலர். அதை விரிப்பவர் சிலர். அப்படியானால் தலையணை எது? யோசித்திருக்கிறீர்களா?" யாரும் யோசித்திருக்கவில்லை. இனிகோவும் யோசித்திருக்கவில்லை. பேசிக்கொண்டே போனால் ஏதாவது வரும் என்பது அவர் விசுவாசம்.

மாதந்தோறும் ‘நேயர் ஈடுபாட்டு அறிக்கை’ தயாரிக்கிற பொறுப்பு அனிஷாவுடையது. ஒலிப்பதிவு, தொகுப்பு, வரவேற்பு, டீ வாங்கி வருவது ஆகிய துறைகளும் அவள் வசமே இருந்தன. சுருங்கச் சொன்னால், இனிகோவை நீக்கிவிட்டுப் பார்த்தால் எக்காளம் என்பது அனிஷாதான்.

"சார், எல்லாரும் ‘வணக்கம் நண்பர்களே’லியே எறங்கிடறாங்க சார். கொஞ்சம் பேரு ‘வணக்கம்’லியே எறங்கிடறாங்க."

"அத ‘ஆரம்பகட்ட ஆர்வம்’னு போடும்மா."

"சரிங்க சார். ஆனா கம்பைநல்லூர் பக்கம் ஒருத்தரு மட்டும் எல்லாத்தையும் கடைசி வரைக்கும் கேக்கறாங்க. ஒண்ணு விடாம. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அது முடிஞ்சா அதுக்கடுத்தது. சில நாளு விடிய விடிய ஓடுது சார்."

இனிகோ நாற்காலியில் நிமிர்ந்தார். "விடிய விடியவா?"

"ஆமாங்க சார்."

"என்ன ஒரு அறிவுத்தாகம் பாத்தியா அனிஷா!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகம் எங்கே வெளியே போயிருக்கிறது என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. கம்பைநல்லூருக்குப் போயிருக்கிறது.

இந்த நேரத்தில்தான் நஞ்சப்பனின் மகன் பிரபாகர் பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தான். படித்த பிள்ளை என்பதால் வந்த முதல் வாரமே அறிக்கையைக் கேட்டான். இரண்டாவது வாரம் இனிகோவைக் கேட்டான்.

"ப்ரோ, நெசமாவே இத யாராவது கேக்கறாங்களா?"

"கம்பைநல்லூர்ல ஒரு தீவிர நேயர் இருக்காருங்க தம்பி."

"ஒருத்தரா?"

"ஒருத்தர்தான். ஆனா முழுசா."

"சூப்பர் ப்ரோ. அந்த ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. ஆண்டு விழா மேடையில ஏத்துவோம். டீலருங்க எல்லாம் பாக்கட்டும். ஆளு வந்தா கான்ட்ராக்ட் தொடரும். வரலன்னா அப்பா சொல்ற மாதிரி ஆட்டோவுல மைக் கட்டிருவோம்."

"ஆட்டோன்னா ஊருக்கே கேக்குமில்ல," என்று கல்லாவிலிருந்து நஞ்சப்பன் நியாயம் பேசினார்.

விஷயம் இப்போது கலையைத் தாண்டி வயிற்றுக்கு வந்துவிட்டது. நஞ்சப்பனும் போய்விட்டால் எக்காளத்தின் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். அனிஷா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும். அவள் அம்மாவின் உடம்பு இருக்கிற இருப்பில் அது முடியாது. இனிகோ பாலக்கோட்டில் மச்சானின் தக்காளி மண்டியில் போய் நிற்க வேண்டும். "உலகத்தோட பேசறேன்னாரு மாப்ள" என்று மச்சான் ஒவ்வொரு தக்காளிப் பெட்டியையும் இறக்கும்போது சொல்வான்.

நேயரைக் கண்டுபிடிக்க இனிகோ ஒரு திட்டம் தீட்டினார். ‘பஞ்சும் நெஞ்சும்’ அடுத்த நிகழ்ச்சியின் முடிவில், உருக்கமான இசைக்கு நடுவே அறிவித்தார்: "கம்பைநல்லூரில் இருந்து கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்கும் நண்பரே, கீழ்க்காணும் எண்ணை உடனே அழையுங்கள். உங்களுக்காக ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை காத்திருக்கிறது."

ஒலியில் ‘கீழ்க்காணும்’ எண்ணை எங்கே காண்பது என்று அனிஷா கேட்டாள். அதைச் சரிசெய்து எண்ணை வாயால் சொன்னார்கள். அழைப்பு வரவில்லை. அறிக்கையைப் பார்த்தால் கம்பைநல்லூர் நேயர் அந்த நிகழ்ச்சியையும் கடைசி நொடி வரை கேட்டிருந்தார். அடுத்த வாரம் மெத்தையோடு இரண்டு தலையணையையும் சேர்த்தார்கள். அதையும் கடைசி நொடி வரை கேட்டார். அழைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் போர்வையும் சேர்ந்தது.

"ஆசையைத் துறந்த மனுசன்," என்றார் இனிகோ. "அறிவுக்காக மட்டுமே கேக்கறாரு. பொருளக் காட்டி அவரக் கொச்சப்படுத்திட்டமோன்னு இருக்குது."

அனிஷா நகத்தைக் கடித்தபடி சொன்னாள்: "சார், கடைசியில சொல்றத மொதல்லியே சொல்லிப் பாக்கலாமா?"

"முழுசா கேக்கறவருக்கு மொதல் என்ன, கடைசி என்ன?"

"சும்மா ஒருக்கா, சார்."

இனிகோ அரை மனதோடு, ‘வணக்கம் நண்பர்களே’வுக்கு முன்பாகவே கம்பைநல்லூரைக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போன் வந்தது.

"தம்பிங்களா? எம்பேரு ரோசம்மா. கம்பைநல்லூருங்க. கூப்புடச் சொன்னீங்களே, அதான் கூப்ட்டேன். ஒண்ணும் அவசரமில்லீங்களே?"

இனிகோவும் அனிஷாவும் பைக்கில் கம்பைநல்லூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. ரோசம்மா அறுபதைத் தாண்டியவர். கணவர் மரியசூசை போன வருடம் தவறிவிட்டார். மகள் ஓசூரில் இருக்கிறாள். வீட்டுச் சுவரில் மாதா படம், அதன் கீழே கணவர் படம், அதன் கீழே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த செல்போன். மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒரு மெத்தை சுவரோடு சாய்ந்து நின்றது. மேலே நஞ்சப்பனின் ஸ்டிக்கர்.

இனிகோ அதைத் தொட்டுக் கும்பிடாத குறை. "நம்ம மெத்தைங்களா அம்மா! எப்படி இருக்குதுங்க?"

"நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. மவ வாங்கிக் குடுத்தா. அவ வரப்ப படுத்துக்கட்டும்னு அப்பிடியே வெச்சிருக்கறேன். எனக்குப் பாயிதான்."

மெத்தை பாட்காஸ்டின் உன்னத நேயர் பாயில் படுக்கிறார் என்ற செய்தியை இனிகோ மென்று விழுங்கினார். ரோசம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். மெத்தை வாங்கியபோது அதோடு வந்த ‘பஞ்சும் நெஞ்சும்’ விளம்பர அட்டையை மகள் போனில் காட்டி, இந்தப் படத்தைத் தொட்டால் பேச்சு வரும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"நம்ம நிகழ்ச்சியில உங்களுக்கு எதும்மா ரொம்பப் புடிச்சிருக்கு?" என்று இனிகோ கேட்டார். பதிவு செய்ய அனிஷாவிடம் கண்ணைக் காட்டினார்.

"எதுன்னு சொல்றதுங்க. எல்லாமேதான்."

"ஒண்ணு சொல்லுங்களேன். போன வாரம் தலையணை எதுன்னு ஒரு கேள்வி கேட்டேனே?"

"அதுக்குள்ள தூங்கிட்டேனுங்க தம்பி."

"சரி, அதுக்கு முந்தின வாரம்?"

"அதுலியும் தூங்கிட்டனுங்க." ரோசம்மா சங்கடப்படவில்லை. நல்ல சேதி சொல்கிற முகத்தோடு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "எங்க வூட்டுக்காரரு இருக்கறப்ப படுத்ததும் பேச ஆரம்பிச்சிருவாரு. போருல தண்ணி எறங்கிப்போச்சும்பாரு, கடத்தூருல தேங்கா வெல போயிருச்சும்பாரு, இன்னாருக்கு இன்னாரு சொந்தம்பாரு. ஒண்ணும் விசயமே இருக்காதுங்க. ஆனா நிறுத்த மாட்டாரு. நான் ‘ம்’ போட்டுக்கிட்டே படுத்திருப்பேன். கொஞ்சத்துல ‘ம்’ நின்னு போயிரும், நான் தூங்கியிருப்பேன். அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருப்பாரு. அவரு போனதுக்கு அப்பறம் வூடு கம்முனு கெடக்குது. கண்ண மூடுனா மூட மாட்டேங்குது."

"ஜெபமால சொல்லிப் பாக்கலாமில்லீங்களா?" என்றாள் அனிஷா.

"சொன்னேன் கண்ணு. மாதாகிட்ட பேசறப்ப தூங்குனா மரியாத இல்லியேன்னு இன்னும் நல்லா முழிச்சிக்குவேன். தம்பி பேச்சுக்கு அந்த மரியாதை வேண்டியதில்ல பாரு. அதுவுமில்லாம தம்பி அச்சு அசல் அவரு மாதிரியே பேசறாரு. ஒண்ணும் விசயமே இருக்காது. நிறுத்தவும் மாட்டாரு."

அனிஷாவுக்கு மோர் புரையேறியது. வெளியே போய் வெகுநேரம் இருமினாள்.

இனிகோ இருந்த இடத்திலேயே இருந்தார். அறிவுத்தாகத்தின் உண்மை வடிவம் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் குரலில் விடிய விடிய ஓடியதெல்லாம் ஒரு குறட்டைக்கு மேலே ஓடியிருக்கிறது. ஆனாலும் தக்காளி மண்டி கண்முன் வந்து நின்றது. அவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். மெத்தை, மேடை, பிரபாகர், அனிஷாவின் வேலை, மகள் அமலி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். "மேடையில மட்டும் முழுசா கேப்பேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்மா."

ரோசம்மா மாதா படத்தைப் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேனுங்க தம்பி." பிறகு இனிகோவின் முகத்தைப் பார்த்தார். "ஆனா உங்களத் தலகுனிய வெக்கவும் மாட்டேன். வரேன். அந்த மெத்த மட்டும் வேண்டாம். ஒண்ணையே வெக்க எடமில்ல."

கடையின் ஆண்டு விழா ‘மாபெரும் நேயர் திருவிழா’ என்ற பெயரில் காரிமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நேயர்கள் வெள்ளமெனத் திரண்டார்கள். கடைத் தொழிலாளர்களுக்கு அன்று அரைநாள் விடுமுறை, வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும். டீலர்களுக்குப் பிரியாணி உறுதி செய்யப்பட்டிருந்தது, விழா முடிந்த பிறகு. வாசல் பேனரில் மெத்தையின் படம் சிறியதாகவும் இனிகோவின் படம் பெரியதாகவும் இருந்தன. பேனரை வடிவமைத்தவரும் இனிகோ என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

ரோசம்மாவை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். பிரபாகர் மைக்கோடு வந்தான்.

"அம்மா, போன வாரம் இனிகோ ப்ரோ சொன்ன வெற்றி ரகசியம் என்னன்னு நம்ம டீலர்களுக்கு ஒருவாட்டி சொல்லுங்கம்மா."

போன வாரம் சொன்ன ரகசியம் என்ன என்று இனிகோ தன் நினைவிலும் தேடிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. எக்காளத்தின் எதிர்காலம், அனிஷாவின் சம்பளம், மச்சானின் வாய் எல்லாம் அந்தக் கறுப்பு மைக்கின் நுனியில் வந்து நின்றன. முன்வரிசையில் அனிஷா துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரோசம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரகசியத்தக் கூட்டத்துல கேக்கறீங்களே தம்பி," என்றார். மண்டபம் சிரித்தது. "எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரரு போனதுல இருந்து மனசு அமரவே இல்ல. இவரு பேச ஆரம்பிச்சா அமந்து போவுதுங்க. கவலையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. கண்ணு முழிச்சா விடிஞ்சிருக்கும். தெனமும் கடவுளுக்கு நன்றி சொல்றப்ப இந்தத் தம்பி பேரையும் சொல்லிக்கறேன். அவ்வளவுதானுங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கைத்தட்டல் அடங்க நேரமானது. "கண்ணு முழிச்சா விடிஞ்சிருக்கும்" என்பதை வாழ்வில் விடிவு கிடைத்ததாக டீலர்கள் புரிந்துகொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததாக இனிகோ பிற்பாடு சொல்லிக்கொண்டார். நஞ்சப்பன் மேடையிலேயே எழுந்து, "இன்னும் ஒரு வருசத்துக்கு நம்ம தம்பியே பேசட்டும்" என்று அறிவித்தார். பிரியாணி பரிமாறப்பட்டது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் பாட்காஸ்டின் பெருமையை நாம் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவியிருப்போம். ஆனால் வெற்றி பெற்ற எதையும் மேம்படுத்தாமல் விடுவதில்லை என்பது எம்.பி.ஏ. படித்தவர்கள் எடுத்துக்கொண்ட விரதம்.

"ஒரு அம்மாவுக்கே இவ்வளவு எஃபெக்டுன்னா ஊருக்கே குடுக்கணும் ப்ரோ," என்றான் பிரபாகர். "ஒண்ணே ஒண்ணுதான் கொற. எனர்ஜி இல்ல."

எனர்ஜி சேர்க்கப்பட்டது. நிகழ்ச்சி இப்போது பம்பை அடியோடு தொடங்கியது. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு விசில். எப்போது வேண்டுமானாலும் பேச்சை வெட்டிக்கொண்டு, "தூங்காதீங்க! தூங்காதீங்க! நஞ்சப்பன் மெத்தை வாங்கிட்டுத் தூங்குங்க!" என்று இனிகோவே கத்த வேண்டும். அவர் கத்தினார். தொண்டை கட்டும் வரை கத்தினார். பதிவு செய்த அனிஷா காதுக்கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், அந்தம்மா..." என்றாள்.

"கான்ட்ராக்ட் அனிஷா," என்றார் இனிகோ.

"சரிங்க சார்."

அந்த மாத அறிக்கை சுருக்கமாக இருந்தது. எல்லோரும் முதல் பம்பை அடியிலேயே இறங்கியிருந்தார்கள். அதை ‘உடனடி எதிர்வினை’ என்று போட்டார்கள். பிரபாகருக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. கம்பைநல்லூரும் பாதியில் நின்றிருந்தது. அதைப் பற்றி அறிக்கையில் எதுவும் போடவில்லை.

அறிக்கை போன அன்றே மதியம் போன் வந்தது.

"தம்பி, ரோசம்மா பேசறேனுங்க. நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்மா." இனிகோ எழுந்து நின்றுவிட்டார். "சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்களா? தூக்கம் கெட்டுப் போச்சுங்களா?"

"எந்தூக்கத்த வுடுங்க, அது கெடக்குது. உங்களுக்கு என்னாச்சுங்க தம்பி? கொஞ்ச நாளா ஒரேயடியா கத்தறீங்களே. வூட்டுல எதும் பிரச்சனைங்களா? பாப்பாவுக்கு ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"தொண்டையும் கட்டியிருக்குது. சுடுதண்ணியில மொளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடிங்க. உங்களுக்காக ஒரு ஜெபமால சொல்லியிருக்கறேன். முழிச்சிட்டுத்தான் இருக்கறேன், அதனால நல்லாவே சொல்ல முடியுது. வெச்சிரட்டுங்களா?"

வைத்துவிட்டார். இனிகோ போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் அவர் பேசிய பேச்சில் யாராவது ஒருவர் ஒரே ஒரு விஷயத்தையாவது கவனித்திருக்கிறார் என்றால், அது அவர் தொண்டை கட்டியிருப்பதை. மாவட்டத்தில் அதைக் கவனித்த ஒரே காதுக்குரியவரின் தூக்கத்தைத்தான் அவர் பம்பை அடித்துக் கெடுத்திருந்தார்.

பிரபாகரிடம் பேசிப் பார்த்திருக்கலாம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். இனிகோ வீரர் இல்லை, விளம்பரக்காரர். பம்பை தொடர்ந்தது, விசிலும் தொடர்ந்தது. ஒப்பந்தப்படி வாராவாரம் மெத்தைகளுக்கு நடுவே நின்று, தூங்காதீங்க என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். இது அவர் வயிற்றுக்கும் அனிஷா வீட்டு அடுப்புக்கும்.

அடுத்த சந்தை நாளில் அனிஷா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விடுப்பு எடுத்திருந்தாள். நண்பகல். கீழே ஆடு விற்கிறவர்களின் பேரம் உச்சத்தில் இருந்தது. இனிகோ கதவைச் சாத்தி, மைக்கைப் போட்டார். ‘வணக்கம் நண்பர்களே’ என்று வாய் தானாகத் தொடங்கியது. அதை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினார்.

"அம்மா, இன்னைக்குச் சந்தைங்க. தக்காளி கொஞ்சம் எறங்கியிருக்குது. தேங்கா அப்பிடியேதான் இருக்குது. கீழ உரக்கடைக்காரரு போரு போட்டாரு, தண்ணி வரல, வெறும் பொகதான் வந்துச்சு. கிருஷ்ணகிரி பஸ்ஸு ஒண்ணு பஞ்சராகி நிக்குது. எறங்குனவங்கல்லாம் வேப்பமரத்தடியில நிக்கறாங்க. அதுல ஒருத்தரு கைல ஒரு சேவல்..."

விஷயமே இல்லாமல் பேசுவது எத்தனை கடினம் என்பது, அத்தனை நாள் அதையே தொழிலாகச் செய்தவருக்கு அன்றுதான் தெரிந்தது. எதையும் விற்கக் கூடாது. யாரையும் உயர்த்தக் கூடாது. கேள்வி கேட்டு எழுப்பக் கூடாது. வாக்கியத்துக்கு வாக்கியம், அந்தப் பக்கம் ஒருவர் ‘ம்’ போடும் அளவுக்கு இடம் விட்டுவிட்டுப் பேசினார். மழை வருமா என்று பேசினார். மழை வராது என்றும் பேசினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வரை பேசினார்.

கடைசியில், இனி எந்த மனிதப்பிறவியும் விழித்திருக்க முடியாது என்று உறுதியான இடத்தில், குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு மேடையில நீங்க பொய்யும் சொல்லல, என்னையும் விட்டுக்குடுக்கல. எம்பேர்ல யாரும் அவ்வளவு கருணை வெச்சதில்லீங்கம்மா. தூங்குங்க," என்றார்.

அதை ரோசம்மாவின் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பினார். கணினியிலிருந்து அழித்தார். வாராவாரம் அப்படியே செய்தார். அனிஷாவின் அறிக்கையில் அது ஏறவில்லை, பிரபாகருக்குத் தெரியவில்லை, வீட்டில்கூடச் சொல்லவில்லை. கம்பைநல்லூரிலிருந்து பிறகு போன் வரவில்லை. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு யாரையும் கூப்பிடத் தோன்றாது.

ஊரையே கேட்க வைக்கிறோம் என்று பலகை மாட்டியிருக்கும் எக்காளம் கம்யூனிகேஷன்ஸ், தோன்றிய நாள் முதல் பேசியவற்றில் மெய்யான பேச்சு அந்தக் கடைசி வாக்கியங்கள் மட்டும்தான். அவற்றை மட்டும் ஒருவர் காதிலும் விழாத இடமாகப் பார்த்து வைத்தார் அதன் நிறுவனர்.